பனி பெய்யாத வருஷத்தின் நஷ்டம் யார் தலையில்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. டென்வரில் வேலை பார்க்கும் உங்கள் தங்கை மகன், கொலராடோவில் உள்ள வெய்ல் மலைக்குப் பனிச்சறுக்குப் போகலாம் என்று விலை பார்த்திருக்கிறார். உச்ச நாட்களில் ஒரு நாள் டிக்கெட் 350 டாலருக்கு மேல். நம்ம பணத்தில் 30,000 ரூபாய் தாண்டுகிறது. அந்த மலையை நடத்தும் வெய்ல் ரிசார்ட்ஸ் கம்பெனி, தன்னுடைய எல்லா மலைகளிலும் சீசன் முழுக்கச் சறுக்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு பாஸை ஆயிரம் டாலரை ஒட்டிய விலைக்கு விற்கிறது. மூன்று நாள் போனாலே பாஸ் எடுத்தவருக்கு லாபம். அப்படியென்றால் கம்பெனிக்கு என்ன மிஞ்சும், பூமி சூடாகும்போது பனியை நம்பிய தொழில் எத்தனை காலம் ஓடும், அந்தப் பங்கை வாங்கலாமா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: பனி பெய்யாத வருஷத்தின் நஷ்டத்தை யார் சுமப்பது? அந்த நஷ்டத்தை அடுத்தவர் தலையில் கட்ட இந்தத் தொழில் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு வழி கண்டுபிடித்திருக்கிறது.

நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரமணியில் ஓர் அலுவலகத்தில், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்காக ஓட்டல், தீம் பார்க், பனிச்சறுக்கு ரிசார்ட் போன்ற கம்பெனிகளின் கணக்குகளைப் படித்து, அடுத்த வருஷம் எவ்வளவு சம்பாதிக்கும் என்று கணிப்பதுதான் பல வருஷமாக என் பிழைப்பு. வெளியே கத்திரி வெயில் கொளுத்தும்போது ராக்கி மலைத்தொடரில் எத்தனை அங்குலம் பனி விழுந்தது என்ற பழைய அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சறுக்கியதில்லை. ஆகவே பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். மலைமேல் லிஃப்ட் ஓட்டுகிறவர், மீட்புக் குழுவில் இருக்கிறவர் பேசினால் அவர் பேச்சை என் பேச்சுக்கு மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவிலிருந்து தொடங்கினால்தான் டிக்கெட் விலை புரியும். சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும், வேகமாக ஓடும் நவீன நாற்காலி லிஃப்ட் ஒன்று போட ஒரு கோடி டாலர் அளவுக்கு ஆகிறது. அதைச் செய்து தருபவர்களும் உலகத்தில் பெரிதாக இரண்டே குழுமம்தான்: ஆஸ்திரியாவின் டாப்பல்மையர் ஒன்று, லைட்னரையும் போமாவையும் கையில் வைத்திருக்கும் இத்தாலியக் குழுமம் இன்னொன்று. பேரம் பேச அதிக இடமில்லை. ராத்திரி முழுக்கப் பனியைச் சமன்படுத்தும் வண்டிகள், செயற்கைப் பனி செய்யும் குழாய்களும் பம்புகளும், மீட்புக் குழு, காப்பீடு என்று மற்ற செலவுகள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இத்தனையும் உண்டு. கூடுதலாக ஒருவர் வந்தால் கூடும் செலவோ ஏறக்குறைய ஒன்றுமில்லை. நம்ம ஊர்க் கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சில முகூர்த்த நாட்களில் சம்பாதித்துத்தான் ஆடிக்கும் மார்கழிக்கும் சேர்த்து வாட்ச்மேன் சம்பளமும் சொத்து வரியும் கட்டியாக வேண்டும். பனி மலைக்கும் முகூர்த்தம் உண்டு: கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை, ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாள், பிப்ரவரியில் பிரசிடென்ட்ஸ் டே, ஐரோப்பாவில் பிப்ரவரிப் பள்ளி விடுமுறை. பிரான்ஸில் நாட்டையே மூன்று மண்டலமாகப் பிரித்து அந்த விடுமுறையை வெவ்வேறு வாரங்களில் விடுகிறார்கள். மலை ஊர்களின் வருமானம் நான்கு வாரத்துக்குப் பரவ வேண்டும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இந்த நாட்களில் தரை தெரிந்தால், மார்ச்சில் எவ்வளவு கொட்டினாலும் கணக்கு நேராகாது.

முன்பெல்லாம் இந்த அடியை மலையின் சொந்தக்காரரே வாங்கினார். தொடர்ந்து இரண்டு குளிர்காலம் பொய்த்தால் வங்கி வந்து கதவைத் தட்டும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 700-க்கும் அதிகமான சறுக்கு மலைகள் இருந்தன. இன்று 500-க்குக் கீழே. ஆனால் சறுக்க வருகிற கூட்டம் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். 2022-23 சீசனில் அங்கே 6.5 கோடிக்கும் அதிகமான வருகைகள் (ஒருவர் ஒரு நாள் வந்தால் ஒரு வருகை), அதுவரை இல்லாத எண்ணிக்கை. சின்னவை செத்தன, பெரியவை பெருத்தன.

அடி வாங்காமல் தப்பிக்க 1990-களில் கண்ட வழி ரியல் எஸ்டேட். மலையடிவாரத்தில் ஒரு செயற்கைக் கிராமம் கட்டி, பிளாட் விற்று, அந்தப் பணத்தில் லிஃப்ட் போடுவது. கனடாவின் இன்ட்ராவெஸ்ட் இதில் கில்லாடி. பிளாட் வாங்கியவர் பனி பெய்தாலும் பெய்யாவிட்டாலும் தவணை கட்டுவார் அல்லவா? ஆனால் வானிலை அபாயத்தை விட்டுவிட்டு வட்டி அபாயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 2006-ல் ஒரு முதலீட்டு நிறுவனம் ஏகப்பட்ட கடன் வாங்கி இன்ட்ராவெஸ்ட்டை வாங்கியது. 2008 நெருக்கடி வந்தது. 2010 குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் பல அவர்களுடைய விஸ்லர் மலையில் நடக்கவிருந்த நேரத்தில், கடன் கொடுத்தவர்கள் போட்டி நடக்கும் நாட்களிலேயே ஏலத் தேதி குறித்தார்கள். பிறகு ஏலம் தள்ளிப்போய்ச் சமாளித்தார்கள் என்றாலும், பிளாட்டை நம்பி மலை நடத்தக் கூடாது என்பதற்கு எங்கள் துறையில் இன்றும் இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

அப்புறம் வந்ததுதான் உங்கள் தங்கை மகன் பார்த்த பாஸ். விதை சின்ன இடத்தில் விழுந்தது. 1998-ல் ஐடஹோ மாநிலத்தின் போகஸ் பேசின் என்ற மலை, 500 டாலர் அளவில் இருந்த சீசன் பாஸை 199 டாலருக்கு இறக்கியது. பல மடங்கு பேர் வாங்கினார்கள். பக்கத்து மாநிலங்களுக்கும் அது தொற்றியது. வெய்ல் ரிசார்ட்ஸ் 2008-ல் எபிக் பாஸை 579 டாலருக்குக் கொண்டுவந்தபோது அதில் முக்கியமான ஒரு சங்கதியைச் சேர்த்தது: குளிர்காலம் தொடங்கும் முன்பே வாங்கிவிட வேண்டும். டிசம்பர் வந்ததும் விற்பனை மூடிவிடும். மார்ச் முதல் நவம்பர் வரை, வரப்போகும் சீசனில் பனி இருக்குமா இருக்காதா என்று யாருக்கும் தெரியாத மாதங்களில், லட்சக்கணக்கானவர்கள் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். பனி பெய்யவில்லை என்றால் அது பாஸ் எடுத்தவரின் கவலை.

இது வெறும் தத்துவமா, கணக்கில் தெரிகிறதா என்று கேட்டால், நன்றாகவே தெரிகிறது. வெய்ல் கம்பெனியின் நிதியாண்டு ஜூலையில் முடியும். 2023 நிதியாண்டில் வருகைகள் சுமார் 1.94 கோடி, அடுத்த வருஷம் வட அமெரிக்காவில் பனி மோசம், வருகைகள் 1.76 கோடிக்கு இறங்கின. பத்தில் ஒரு பங்கு வாடிக்கையாளர் நடமாட்டம் காணாமல் போயிற்று. வருமானம்? இரண்டு வருஷமும் 289 கோடி டாலரை ஒட்டியே நின்றது. பழைய முறையில் நடந்த ஒரு தனி மலை இப்படி ஒரு வருஷத்தில் தள்ளாடியிருக்கும்.

இப்போது 350 டாலர் டிக்கெட்டுக்கு வருவோம். அது பெரும்பாலானவர்களை வாங்க வைப்பதற்கான விலையே அல்ல. பாஸைத் தவறவிட்டவனுக்குப் போட்ட அபராதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கம்பெனியின் மலைகளுக்கு வருகிற நான்கு பேரில் ஏறக்குறைய மூன்று பேர் முன்கூட்டியே பாஸ் எடுத்தவர்கள். லிஃப்ட் வருமானத்தை, அதாவது டிக்கெட்டிலும் பாஸிலும் வரும் பணத்தை, வருகைகளால் வகுத்துப் பார்த்தால் 2024 நிதியாண்டில் ஒரு வருகைக்கு 80 டாலரைச் சுற்றித்தான் வருகிறது. பலகையில் இருக்கும் விலைக்கும் கைக்கு வரும் பணத்துக்கும் அவ்வளவு தூரம். மொத்த வருமானத்தில் லிஃப்ட் பாதிதான். மீதி சறுக்குப் பள்ளி, சாப்பாடு, சாமான் வாடகை, தங்குமிடம் இவற்றிலிருந்து. உங்கள் தங்கை மகன் பாஸை வைத்துக்கொண்டு பதினைந்து நாள் போனாலும் கம்பெனிக்குச் செலவு அதிகமில்லை. ஒவ்வொரு முறையும் மலை உச்சியில் பர்கர் வாங்குவார் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு.

பாஸோடு சேர்ந்து வந்தது மலைகளை வாங்கிக் குவிப்பது. 2014-ல் யூட்டாவின் பார்க் சிட்டி, 2015-ல் ஆஸ்திரேலியாவின் பெரிஷர், 2016-ல் விஸ்லர், 2022-ல் சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட். கொலராடோ பொய்த்தால் கனடா காப்பாற்றும். ஜூலையில் தெற்கு அரைக்கோளம் சம்பாதிக்கும். பாஸ் எடுத்தவரும் ஒரு மலையில் பனி இல்லையென்றால் இன்னொன்றுக்குப் போகலாம் என்று நினைத்து வாங்குவார். 2017-ல் உருவான ஆல்டெரா என்ற போட்டிக் குழுமம் மறு வருஷமே ஐகான் பாஸைக் கொண்டுவந்தது. இந்த இரண்டு பாஸுக்குள்தான் இன்று அமெரிக்கப் பனிச்சறுக்கின் பெரும்பகுதி. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: மேற்கு அமெரிக்காவின் பெரிய மலைகள் பல அரசு வன நிலத்தில் நிற்கின்றன. வாடகை நிலையான தொகை கிடையாது. வருமானத்தில் சுமார் 1.5 முதல் 4 சதவீதம். வருமானம் விழுந்தால் வாடகையும் விழும். அரசாங்கமும் சத்தமில்லாமல் கொஞ்சம் நஷ்டம் சுமக்கிறது.

இந்த ஏற்பாட்டில் நான் பார்க்கும் ஓட்டை, ஆட்களும் ஊரும். பாஸ் மலிந்தால் கூட்டம் சேரும், வரிசை நீளும். 2021-ல் வெய்ல் பாஸ் விலையை 20 சதவீதம் குறைத்தது. அந்தக் குளிர்காலத்தில் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ள, வரிசையில் நின்றவர்கள் கொதித்தார்கள். வெளியூர்ப் பணக்காரர்கள் வீடு வாங்கி வாங்கி, அந்த ஊர்களில் லிஃப்ட் ஓட்டுகிறவர் வாடகைக்கு வீடு பிடிக்க முடியாத நிலை. கம்பெனி ஒழுங்காகக் கூலி கொடுத்தாலும் வீடு கிடைக்காது. 2024 டிசம்பர் கடைசியில், சரியாக முகூர்த்த நாட்களில், பார்க் சிட்டி மீட்புக் குழுவினர் வேலைநிறுத்தம் செய்தார்கள். மலையின் சிறு பகுதிதான் திறந்திருந்தது. பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு கம்பெனி இறங்கி வந்தது. சில மாதங்களில் தலைமை நிர்வாகி மாறினார், பாஸைக் கொண்டுவந்த ராப் காட்ஸே திரும்பவும் அந்த நாற்காலிக்கு வந்தார். பனியின் நஷ்டத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டலாம். மனுஷர்களால் வரும் நஷ்டத்தை அப்படிக் கட்ட முடியவில்லை.

ஐரோப்பா வேறு உலகம். அங்கே ஒரே கம்பெனி எல்லாவற்றையும் வைத்திருப்பது அபூர்வம். லிஃப்ட் ஒருவருடையது, ஓட்டல்கள் உள்ளூர்க் குடும்பங்களுடையவை, சறுக்குப் பள்ளி தனி. லிஃப்ட் கம்பெனியில் பல இடங்களில் ஊராட்சிக்கே பங்கு இருக்கும். லிஃப்ட் நின்றால் ரொட்டிக் கடை வரை மூட வேண்டியதுதான் என்பதால், லாபமே இல்லாவிட்டாலும் ஓட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி. ஆல்ப்ஸின் பெரிய மலைகளில்கூட ஒரு நாள் டிக்கெட் வெய்ல் விலையில் கால்வாசியை ஒட்டித்தான் இருக்கும். கூட்டுப் பாஸும் அவர்களுக்குப் புதிதல்ல: இத்தாலியின் டோலோமிட்டி சூப்பர்ஸ்கி பல பள்ளத்தாக்குகளை ஒரே டிக்கெட்டில் இணைத்தது 1974-லேயே. சுவிட்சர்லாந்தின் சாஸ்-ஃபே 2016-ல் ஒரு துணிச்சல் செய்தது: 99,999 பேர் சேர்ந்தால் சீசன் முழுக்க 222 ஃபிராங்க் என்று அறிவித்தது. இலக்கு எட்டவில்லை, ஆனாலும் கொடுத்துவிட்டார்கள். பிரான்ஸில் 1960-களில் அரசே திட்டம் போட்டு ஆல்ப்ஸ் மலைகளில் ரிசார்ட் ஊர்களை எழுப்பியது. ஆகவே அங்கே பனி பொய்த்தால் கடைசியில் வரி கட்டுகிறவர் சுமக்கிறார். ஜூரா மலையில் உள்ள மெத்தாபியெஃப், சறுக்குத் தொழிலிலிருந்து படிப்படியாக வெளியேறப் போகிறோம் என்று முன்கூட்டியே அறிவித்துத் திட்டம் போடுகிறது. அதை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. வங்கி வந்து மூடும்வரை காத்திருப்பதைவிட எவ்வளவோ மேல்.

பனி மட்டும்தான் பிரச்சினை என்று நினைப்பவர்கள் ஜப்பானைப் பார்க்க வேண்டும். உலகத்தில் மிக அதிகமாகப் பனி கொட்டும் சறுக்கு மலைகள் அங்கேதான். ஆனாலும் 1990-களின் தொடக்கத்தில் 1.8 கோடியாக இருந்த சறுக்குபவர் எண்ணிக்கை பிறகு கால்வாசியளவுக்குச் சரிந்தது. பொருளாதாரக் குமிழி உடைந்தது, இளைஞர்கள் குறைந்தார்கள், இருந்தவர்களுக்கும் மோகம் போயிற்று. யூசாவா என்ற ஊரில் குமிழிக் காலத்தில் கோடிகளில் விற்ற அடுக்குமாடி வீடுகள் பிறகு ஒன்றிரண்டு லட்சம் யென்னுக்கு, அதாவது ஒரு நல்ல கைபேசி விலைக்கு, வாங்க ஆளில்லாமல் கிடந்தன. மாதாமாதம் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டுமே என்ற பயம். சுரங்கம் மூடிய பிறகு சுற்றுலாவை நம்பிக் கடன் வாங்கிய யூபாரி நகராட்சி திவாலே ஆனது. மறுபக்கம், நிசெகோ என்ற சறுக்கு ஊரை ஆஸ்திரேலியர்கள் கண்டுபிடித்து, இன்று அங்கே நில விலை எங்கோ போய்விட்டது. பனி இரண்டு இடத்திலும் ஒரே பனிதான்.

சரி, சூடாகும் பூமி. இதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்கிறேன். தாழ்ந்த மலைகளில் சீசன் குறுகுகிறது, இதில் விவாதமே இல்லை. 2023-ல் வெளிவந்த ஓர் ஆய்வு ஐரோப்பாவின் 2,234 சறுக்கு மலைகளை எடுத்துக் கணக்கிட்டது: வெப்பம் 2 டிகிரி கூடினால், செயற்கைப் பனி இல்லாத பட்சத்தில், 53 சதவீத மலைகள் பனிப் பற்றாக்குறையின் மிகப் பெரிய ஆபத்தில், 4 டிகிரி என்றால் 98 சதவீதம். பாதிப் பரப்பில் செயற்கைப் பனி போட்டால் அவை 27, 71 என்று இறங்கும். ஆக, செயற்கைப் பனி அவகாசம் வாங்கித் தருகிறது, அதுவும் காசுக்கு. தண்ணீரும் மின்சாரமும் மட்டும் போதாது, குளிரும் வேண்டும்: காற்று உலர்ந்திருந்தால் பூஜ்யத்துக்குச் சற்று மேலேகூடச் செய்யலாம், ஈரமாக இருந்தால் மைனஸ் இரண்டு, மூன்றுக்குக் கீழே போயாக வேண்டும். இத்தாலியில் ஏறக்குறைய எல்லாச் சறுக்குப் பாதைகளிலும் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக் கிட்டத்தட்ட முழுக்கவே செயற்கைப் பனியில் நடந்தது. துபாயிலும், 2024-ல் ஷாங்காயிலும் திறக்கப்பட்ட உள்ளரங்கப் பனித்தளங்களில் வானிலையே கணக்கில் இல்லை. நஷ்டம் மின்கட்டண ரசீதுக்கு இடம் மாறிவிடுகிறது.

இதற்கு மேல் சொல்வது என் ஊகம். பனி குறைவதால் தொழில் மொத்தமாக அழியும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த இருபது வருஷத்தில் உயரமான மலைகளுக்கு இது லாபமாகக்கூட முடியலாம், ஏனென்றால் கீழே மூடுகிற மலைகளின் கூட்டம் மேலே வரும். ஆனால் சறுக்கக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன, தாழ்ந்த மலையில்தான். அவை போனால் பெரிய மலைக்கு நாளைய வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? ஜப்பான் கதையை நினைத்தால், பனியைவிட எனக்கு இந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. சீனா புது வாடிக்கையாளர்களைத் தரும் என்பது எங்கள் துறையில் பலருடைய நம்பிக்கை. அவர்கள் ஒரு தடவை வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களா, வருஷாவருஷம் வருகிறவர்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இந்தியாவில் இது நடக்குமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். காஷ்மீரின் குல்மார்க்கில் உள்ள கொண்டோலா (கம்பியில் ஓடும் பெட்டி) அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது, அதில் ஏறுகிறவர்களில் பெரும்பாலானோர் சறுக்கத் தெரியாத, பனியைத் தொட்டுப் பார்க்க வந்த நம்மைப் போன்றவர்கள். 2024 ஜனவரியில் அங்கே தரை தெரிந்தது. 2025-ல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியைப் பனியில்லாமல் தள்ளிவைத்தார்கள். உத்தராகண்டின் ஔலிக்குப் போகும் ரோப்வே, ஜோஷிமட் நிலம் 2023-ல் தாழ்ந்ததோடு நின்றது. மனாலிக்கு மேலே ஹென்றி ஃபோர்டின் வம்சத்தவர் ஒருவர் பெரிய ரிசார்ட் கட்ட முன்வந்தபோது, உள்ளூர்த் தேவதைகளிடம் குறி கேட்டார்கள், வேண்டாம் என்று உத்தரவு வந்தது. அது எழும்பவே இல்லை. தனியார் பணம் இந்தப் பக்கம் வரத் தயங்குவதில் ஆச்சரியமில்லை.

கடைசியாகப் பங்கு. வாங்குங்கள், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வயது, கடன், குடும்பம் எதுவும் தெரியாமல் சொல்வது முறையல்ல. ஆனால் டிவிடெண்ட் நிறைய வருகிறது என்று மட்டும் பார்த்து மயங்காதீர்கள். 2024 நிதியாண்டில் அந்தக் கம்பெனியின் நிகர லாபம் 23 கோடி டாலர். பங்குதாரர்களுக்குக் கொடுத்த டிவிடெண்ட் 30 கோடிக்கு மேல். தேய்மானம், அதாவது சாமான் பழசாவதற்குக் கணக்கில் எழுதும் தொகை, கையை விட்டுப் போகாத செலவு என்பதால் ரொக்கம் இருக்கிறது, கொடுக்க முடிகிறது. ஆனால் லிஃப்ட் பழசாகும், ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். 2021 கடைசியில் 350 டாலரைத் தாண்டிய பங்கு 2025-ல் அதில் பாதிக்கும் கீழே போயிற்று. அமெரிக்க டிவிடெண்டில் 25 சதவீதம் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். எப்படியும் வாங்குவதாக இருந்தால், செப்டம்பர் கடைசியில் வரும் ஆண்டு முடிவுகளில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: வரப்போகும் சீசனுக்கு எத்தனை பாஸ் விற்றது. தொகையைப் பார்க்காமல் எண்ணிக்கையைப் பாருங்கள். 2024-லும் 2025-லும் விலையேற்றத்தால் தொகை கூடியது, எண்ணிக்கை குறைந்தது. அது இன்னும் இரண்டு வருஷம் தொடர்ந்தால் நான் என் கணிப்பு அட்டவணையில் வளர்ச்சிக்கான கட்டத்தைத் திருத்துவேன்.